பழைய ரக ரோஜாக்களில் ஜாடிக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய ரக ரோஜா வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணம் சொல்வார்கள்: மணம், வடிவம். பூக்கடையில் கட்டாகக் கிடைக்கும் நீளத்தண்டு ரோஜாவில் மணம் குறைவு, வடிவம் எல்லாம் ஒரே அச்சு. சரி, பழைய ரகச் செடி ஒன்றை வாங்கி, வளர்த்து, பூத்ததும் வெட்டி ஜாடியில் வைக்கிறோம். மறுநாள் காலையில் மேசை முழுக்க இதழ்கள். எல்லாப் பழைய ரோஜாவும் இப்படித்தான் என்று பலர் அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அது உண்மையில்லை. நான்கைந்து நாள் கம்பீரமாக நிற்கும் பழைய ரகங்கள் இருக்கின்றன. அவற்றைப் பொறுக்கி எடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். செடி விற்பவர்களின் பட்டியலில் நிறம், மணம், உயரம் எல்லாம் இருக்கும், ஜாடியில் எத்தனை நாள் நிற்கும் என்பது மட்டும் இருக்காது. அந்த விவரத்தைத் தேடித் தேடிச் சலித்த பிறகு எழுதுவது இது.

எதைப் பழைய ரகம் என்கிறோம் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1867-இல், நவீன ரோஜாக்களின் தொடக்கமாகக் கருதப்படும் ‘லா பிரான்ஸ்’ என்ற ரோஜா வெளிவந்தது. அதற்கு முன்பே இருந்த குடும்பங்களைச் சேர்ந்த ரோஜாக்கள்தான் பழைய ரகங்கள். ஒரு குறிப்பிட்ட ரகம் 1867-க்குப் பிறகு உருவாகியிருந்தாலும், அதன் குடும்பம் பழையது என்றால் அதுவும் பழைய ரகமே.

1. எத்தனை நாள் வேண்டும் என்று முதலில் முடிவுசெய்யுங்கள்

பூக்கடை ரோஜா பத்து நாள் நிற்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்டது. அதோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பழைய ரகங்களில் மெல்லிய இதழ் உள்ளவை இரண்டு அல்லது மூன்று நாள். நல்லவை நான்கிலிருந்து ஐந்து நாள். அறை குளுமையாக இருந்து, சரியான பருவத்தில் வெட்டியிருந்தால் ஒருசில ரகங்கள் ஒரு வாரத்தைத் தொடும்.

ஜாடியில் பூ கெட்டுப்போவது இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, இதழ் உதிர்வது. பூ முதிரும்போது எத்திலீன் என்ற வாயு அதற்குள்ளேயே உண்டாகி, இதழ் ஒட்டியிருக்கும் இடத்தைத் தளர்த்திவிடுகிறது. மற்றொன்று, பூவுக்குச் சற்றுக் கீழே தண்டு மடங்கித் தலை தொங்குவது. தண்டின் நீர்க்குழாய்களைக் காற்றோ பாக்டீரியாவோ அடைத்துக்கொள்ள, முற்றாத கழுத்து பாரம் தாங்காமல் வளைகிறது. உதிர்வது பெரும்பாலும் ரகத்தின் குணம். தொங்குவதில் பாதி ரகத்தின் குணம், பாதி நம் கையில். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வது எல்லாம் எளிதாகப் புரியும்.

2. உங்கள் ஊரின் குளிரைப் பாருங்கள்

படத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். காலிகா, டமாஸ்க், ஆல்பா, சென்டிஃபோலியா, மாஸ் ஆகிய ஐந்து குடும்பங்களும் பொதுவாக வருடத்துக்கு ஒரே தடவைதான் பூக்கும். அதற்கும் ஒரு நல்ல குளிர்காலத் தூக்கம் வேண்டும். உறைபனியே இல்லாத இடத்தில் இவை இலையும் கிளையுமாக வளரும், பூ அரிதாகவே வரும். செடி செத்துப்போனால்கூட காரணம் தேடுவோம். இது பச்சைப்பசேல் என்று நின்றுகொண்டே வருடக்கணக்கில் ஏமாற்றும்.

வெப்பமான இடமென்றால் டீ, சைனா, நாய்செட், போர்போன் ஆகிய நான்கு குடும்பங்களுக்குள்ளேயே தேடுங்கள். இவை திரும்பத் திரும்பப் பூப்பவை. போர்போனில் மட்டும் சில ரகங்கள் முதல் சுற்றுக்குப் பிறகு அபூர்வமாகத்தான் பூக்கும். கடுங்குளிர் உள்ள இடத்தில் நிலைமை தலைகீழ்: டீ ரோஜா உறைபனியில் கருகிவிடும், கண்ணாடி வீடு இல்லாமல் முடியாது. ஹைப்ரிட் பெர்பெச்சுவல் குடும்பம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. குளிரைத் தாங்கும், மிதமான வெப்பத்திலும் பூக்கும். ஆனால் ஈரக்காற்று அதிகமுள்ள இடத்தில் கரும்புள்ளி நோய் அதைப் பிடிக்காமல் விடாது.

3. ரகத்துக்கு முன் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

பழைய ரகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெயர் பெயராகத் தேடினால் தலை சுற்றும். ஜாடிக்கு ஏற்ற குடும்பம் எது என்று முதலில் பிரித்துக்கொண்டால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். என் வரிசை இது.

ஹைப்ரிட் பெர்பெச்சுவல்: ஜாடிக்கு முதலிடம் இதற்குத்தான். தண்டு நீளம், கழுத்து பலம், இதழ் அடர்த்தி மூன்றும் சேர்ந்து வரும் குடும்பம் பழைய ரகங்களில் இது ஒன்றுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூ வியாபாரத்துக்காகவே இவற்றில் பலவற்றை வளர்த்தார்கள். ‘போல் நேரோன்’ (1869) கையகலப் பூ, முள் மிகக் குறைவு, தண்டு கம்பி மாதிரி நிற்கும். மணம் மட்டும் சுமார். ‘மிஸஸ் ஜான் லேங்’ (1887) நீளத்தண்டும் நல்ல மணமும் சேர்ந்தது, ஒரே ஒரு செடிக்குத்தான் இடமிருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான். ‘பரோன் ப்ரேவோ’ (1842) பழைய ஓவியங்களில் வரும் தட்டையான, இதழ் நிரம்பிய வடிவம். முள் அதிகம், கையுறை இல்லாமல் கிட்டே போகாதீர்கள். ‘உல்ரிச் ப்ரூனர் ஃபீஸ்’ (1881) நேரான தண்டு, குறைந்த முள். ‘ஃப்ராவ் கார்ல் ட்ருஷ்கி’ (1901) தூய வெள்ளை, ஜாடியில் நன்றாக நிற்கும், ஆனால் மணமே கிடையாது. மணத்துக்காகப் பழைய ரகம் தேடி வந்தவருக்கு அதை விற்பது அநியாயம்.

இதே குடும்பத்தில் ஒரு பொறியும் இருக்கிறது: ‘ரேன் தெ வியோலெத்’ (1860). ஊதா நிறம், மணம், முள்ளில்லாத தண்டு, படத்தில் பார்த்தால் யாரும் மயங்குவார்கள். வெட்டி வைத்தால் சீக்கிரமே உதிர்ந்துவிடும். தோட்டத்துக்கு ராணி, ஜாடிக்கு வேண்டாம்.

டீ: வெப்பமான இடத்தில் இருப்பவர்களுக்கு முதல் தேர்வு. இதழ் மெழுகு பூசினாற்போல் இருக்கும், மொட்டு நீண்டு அழகாக விரியும். குறை என்னவென்றால் கழுத்து. இந்தக் குடும்பத்தில் பாதிக்கு மேல் தலை குனிந்தே பூக்கும். ‘டுஷெஸ் தெ ப்ரபான்’ (1857) செடியிலேயே கவிழ்ந்துதான் இருக்கும், ஜாடியில் மேலிருந்து பார்த்தால் பூவின் முதுகுதான் தெரியும். உயரமான அலமாரியில் வைத்தால் அதுவே அழகு என்பது வேறு விஷயம். ‘கேத்தரின் மெர்மே’ (1869), அதிலிருந்து தோன்றிய வெள்ளை ரகமான ‘தி ப்ரைட்’ (1885) இரண்டும் ஒரு காலத்தில் கண்ணாடி வீடுகளில் கொய்மலருக்காகவே வளர்க்கப்பட்டவை. திறந்த வெளியில் வளர்ப்பவர்கள் ‘மாமன் கோஷே’ (1893), ‘மிஸஸ் பி. ஆர். கேன்ட்’ (1901) இரண்டையும் பாருங்கள். ‘சஃப்ரானோ’வை (1839) மொட்டாக மட்டும் வெட்டுங்கள், விரிந்துவிட்டால் சில இதழ்கள்தான், நிற்காது.

போர்போன்: ரகத்துக்கு ரகம் மாறும், பொத்தாம் பொதுவாக நம்ப முடியாது. ‘லூயீஸ் ஓடியே’ (1851) நல்ல தண்டு, வட்டமான பூ, ஜாடிக்கு நம்பிக்கையானது. ‘சூவெனிர் தெ லா மல்மேசோன்’ (1843) வறண்ட வானிலையில் அற்புதம். மழையோ ஈரக்காற்றோ இருந்தால் மொட்டின் வெளி இதழ்கள் ஒட்டிக்கொண்டு விரியாமலே அழுகிவிடும். ‘ஸெஃபிரின் ட்ரூஆன்’ (1868) முள்ளே இல்லாதது என்பதால் புதியவர்கள் ஓடிப்போய் வாங்குவார்கள். அதன் இதழ்கள் தளர்வானவை, சீக்கிரம் கொட்டும்.

காலிகா, டமாஸ்க், ஆல்பா: குளிர்ப் பகுதிக்காரர்களுக்கு. இரண்டு மூன்று நாள் கணக்கு. இதில் ஆல்பா கொஞ்சம் மேல், ‘கோனிகின் ஃபான் டேனமார்க்’ (1826) நேர்த்தியாக விரியும். டமாஸ்கில் ‘மேடம் ஹார்டி’ (1832) நடுவில் பச்சைப் பொட்டு வைத்த வெள்ளைப் பூ, நாளைக்கு ஒரு விசேஷம் என்றால் இன்று மாலை வெட்ட அதைவிட அழகானது கிடையாது. வாரம் முழுக்க நிற்க வேண்டுமென்று கேட்காதீர்கள். காலிகாக்களின் கருஞ்சிவப்பு ஜாடியில் நாளாக ஆகச் சாம்பல் ஊதாவாக மாறும். சிலருக்கு அது வாடல், எனக்கு அதுதான் பிடிக்கும்.

சென்டிஃபோலியா, மாஸ்: பூ கனம், தண்டு மெலிவு. தாங்கு கம்பியோ நெருக்கமான ஜாடியோ இல்லாமல் நிற்காது. மாஸ் ரோஜாவை மொட்டுக்காகவே வெட்டலாம், அந்தப் பாசி படர்ந்தாற்போன்ற காம்பைத் தொட்டால் விரலில் பிசின் மணம் ஒட்டும்.

போர்ட்லேண்ட்: பூவுக்கு ஒட்டினாற்போலவே இலை வந்துவிடும், கழுத்தே கிடையாது. தொங்காது, ஆனால் தண்டும் நீளாது. தாழ்ந்த கிண்ணத்துக்கு நல்லது.

நாய்செட்: கொத்தாகப் பூப்பதால் ஒரு பூ போனால் அடுத்த மொட்டு விரியும், கொத்தாக வெட்டினால் கணக்கில் நாள் கூடும். பெரிய பூ உள்ள ‘மரேஷால் நீல்’ (1864) மணத்திலும் மஞ்சளிலும் ஈடில்லாதது, கழுத்து மட்டும் நூல்.

சைனா: சின்ன பாட்டிலுக்கு, ஒருநாள் கூத்துக்கு. ஒரே ஒரு விதிவிலக்கு ‘விரிடிஃப்ளோரா’ என்ற பச்சை ரோஜா. அதில் இதழே கிடையாது, இதழ் இருக்க வேண்டிய இடத்தில், மொட்டை மூடும் பச்சைப் புல்லிதழ்கள்தான் அடுக்கடுக்காக இருக்கும். அதனால் உதிர்வதற்கு எதுவும் இல்லை, மற்றவை எல்லாம் போன பிறகும் ஜாடியில் நிற்கும். அழகு என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் கலவைக் கொத்தில் ஒன்று சேர்த்தால் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

4. வாங்கும் முன் கையால் சோதியுங்கள்

படம் முகத்தைக் காட்டும். ஆயுள் இருப்பது கழுத்தில். முடிந்தால் பூத்திருக்கும் காலத்தில் நர்சரிக்கோ, பொது ரோஜாத் தோட்டத்துக்கோ, வளர்ப்பவர் ஒருவரின் வீட்டுக்கோ போங்கள். ஜெர்மனியின் சாங்கர்ஹௌசன், பிரான்ஸின் லாயி-லெ-ரோஸ், இங்கிலாந்தின் மாட்டிஸ்ஃபான்ட் போன்ற பெரிய சேகரிப்புகளில் குடும்பம் குடும்பமாகப் பார்க்கலாம். அங்கே வெட்ட விட மாட்டார்கள், ஆனால் பின்வரும் சோதனைகளில் சிலவற்றுக்கு வெட்டவே வேண்டாம்.

கழுத்துச் சோதனை: நண்பகலுக்குப் பிறகு, வெயில் சுட்ட நேரத்தில் செடியைப் பாருங்கள். காலையில் எல்லாப் பூவும் நிமிர்ந்துதான் நிற்கும். பிற்பகல் வெயிலிலும் எது நிமிர்ந்திருக்கிறதோ அதற்குக் கழுத்து இருக்கிறது. பூவுக்குக் கீழே நான்கு விரல் அளவு தண்டை மெதுவாக வளைத்துப் பாருங்கள், சட்டென்று பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

இதழ்ச் சோதனை: கீழே உதிர்ந்த புதிய இதழ் ஒன்றை விரல்களுக்கிடையில் தேயுங்கள். தடிமனாக, கொஞ்சம் வழுக்குவதுபோல் இருந்தால் நல்லது. மெல்லிய காகிதம்போல் நசுங்கினால் இரண்டு நாள்தான். பொதுவாக, கடும் மணமுள்ள ரகங்களில் இரண்டாவது வகைதான் அதிகம். மணம், ஆயுள் இரண்டையும் ஒரே பூவில் முழுசாகக் கேட்காதீர்கள்.

உதிர்வுச் சோதனை: முழுதாக விரிந்து ஒருநாள் ஆன பூவை விரலால் லேசாகத் தட்டுங்கள். கொட்டினால் ரகத்தின் குணம் அது. செடிக்கு அடியில் தரையைப் பார்த்தாலும் தெரியும். உதிர்ந்த இதழ்கள் வாடாமல் புதிதாகவே கிடந்தால், பூ இளமையிலேயே உதிர்க்கிறது என்று பொருள். சில ரகங்கள் நேர்மாறாக, காய்ந்து பழுப்பான பிறகும் இதழை விடாது. செடியில் பார்க்க அசிங்கம், ஜாடிக்கு அதுதான் வேண்டும்.

நிறம்: வெள்ளையிலும் வெளிர் நிறத்திலும் விரல் பட்ட இடம், மழைத்துளி பட்ட இடம் எல்லாம் பழுப்புத் தழும்பாகத் தெரியும். அடர்சிவப்பு முதிரும்போது நீலம் பாயும். நடுத்தர ரோஸ் நிறம்தான் குறையை அதிகம் மறைக்கும். முதல் செடிக்கு அதையே எடுங்கள்.

5. பெயரும் காகிதமும்

பழைய ரோஜாவில் பெயர்க் குழப்பம் சாதாரணம். ஒரே செடிக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும்: ‘ஜாக் கார்ட்டியே’ என்று விற்கப்படுவது பல இடங்களில் ‘மார்க்கேஸா பொச்செல்லா’தான், ‘அமெரிக்கன் ப்யூட்டி’யும் ‘மதாம் ஃபெர்டினான் ஜாமேன்’-உம் ஒன்றே. இரண்டு பெயருக்கும் பணம் கொடுத்து ஒரே செடியை இரண்டு தடவை வாங்கிவிடாதீர்கள்.

அதைவிடப் பெரிய பொறி, ‘பழமைத் தோற்றம்’ என்ற விளம்பரம். 1961-க்குப் பிறகு வந்த ஆங்கில ரோஜாக்கள் பார்க்கப் பழைய ரகம் மாதிரியே இருக்கும், ஆனால் நவீன கலப்பினங்கள். பூ அலங்காரக்காரர்கள் ‘கார்டன் ரோஸ்’ என்று விற்கும் பல இதழ் ரோஜாக்களும் பெரும்பாலும் கொய்மலருக்கென்றே தனியாக உருவாக்கப்பட்டவை. கல்யாண மேடையில் பார்த்த பூவின் ஆயுளை மனதில் வைத்துக்கொண்டு தோட்டச் செடி வாங்கினால் கணக்கு தப்பும்.

விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: ரகத்தின் முழுப்பெயர், குடும்பம், உருவாக்கியவர், வெளிவந்த வருடம். இந்த நான்கும் சொல்லத் தெரியாதவரிடம் பழைய ரகம் வாங்காதீர்கள். அப்புறம் சொந்த வேர்ச் செடியா, ஒட்டுச் செடியா என்று கேளுங்கள். ஒட்டு என்றால் எந்த வேர்ச்செடியில் (கீழே வேராக நிற்கும் வேறு ரோஜா) ஒட்டியது என்பதும் வேண்டும். ஒட்டுச் செடி சீக்கிரம் பெரிதாகும், ஆனால் ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் கிளையைக் கவனிக்காமல் விட்டால் சில வருடத்தில் வேர்ச்செடி மொத்தத்தையும் விழுங்கிவிடும். சொந்த வேர்ச் செடி மெதுவாக வளரும், வெட்டினாலும் உறைந்தாலும் அதே ரகமாகத் துளிர்க்கும். காலிகாவைச் சொந்த வேரில் வாங்கினால் மட்டும் மண்ணுக்கடியில் ஓடி ஓடி முளைக்கும், வேலி போட்ட இடம் தேவை.

வேறு நாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் இரண்டு காகிதம் பொதுவாகத் தேவைப்படும்: அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ், பெறும் நாட்டின் இறக்குமதி அனுமதி. இறக்குமதி அனுமதியைச் செடிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே வாங்குங்கள். சில நாடுகளில் செடி வந்த பிறகும் தனிமைப்படுத்தி வைத்துக் கண்காணித்துத்தான் கையில் தருவார்கள். ரோஜா மொசைக் வைரஸ் இல்லாத தாய்ச்செடியிலிருந்து எடுத்ததா என்றும் கேட்டுவையுங்கள், ஒட்டுக் கட்டுவதன் வழியாகத்தான் அது பரவுகிறது.

6. செலவு எங்கே போகிறது

செடியின் விலை செலவில் சின்னப் பங்குதான். வெளியிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் கூலியும் சான்றிதழ்க் கட்டணமும் செடி விலையைத் தாண்டிவிடும். சான்றிதழ் கட்டணம் பெரும்பாலும் பார்சலுக்குத்தான், செடிக்கு அல்ல. அதனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்குவது லாபம். தொட்டியோடு வரும் செடியைவிட மண் இல்லாமல் வேரோடு வரும் செடிக்குக் கூலி குறைவு. பல நாடுகள் மண்ணை அனுமதிப்பதே இல்லை.

மிச்சப்படுத்தக் கூடாதது ஒன்றே ஒன்று: கவாத்துக் கத்தரி. இரண்டு கத்தியும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகையை வாங்குங்கள். கட்டைமேல் கத்தி இறங்கும் வகை தண்டை நசுக்கும், நசுங்கிய தண்டு தண்ணீர் குடிக்காது.

காசு மிச்சமாகும் ஒரு வழியும் இருக்கிறது. பழைய ரகங்களுக்கு வளர்ப்புரிமைத் தடை (உருவாக்கியவரின் அனுமதியில்லாமல் பெருக்கக் கூடாது என்பது) எதுவும் மிச்சமில்லை, காலம் கடந்துவிட்டது. யாரிடமாவது செடி இருந்தால் குச்சி வாங்கி நீங்களே நடலாம். பூத்து முடிந்த கிளையில் பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் வெட்டுங்கள். டீ, சைனா, நாய்செட், போர்போன் சுலபமாக வேர் பிடிக்கும். காலிகாவுக்குக் குச்சியைவிடப் பக்கக் கன்றைத் தோண்டி எடுப்பதே நிச்சயம்.

7. கால அளவு

மண் இல்லாமல் வேரோடு வரும் செடி தூக்கக் காலத்தில் மட்டும்தான் அனுப்பப்படும். நல்ல ரகங்கள் முன்பதிவிலேயே தீர்ந்துவிடும், ஆகவே நடும் காலத்துக்கு ஆறு மாதம் முன்பே சொல்லிவையுங்கள். தொட்டிச் செடி எந்த மாதமும் நடலாம், கடுங்கோடையைத் தவிர.

முதல் வருடம் வெட்டவே வெட்டாதீர்கள். பூ வந்தால் செடியிலேயே பார்த்துவிட்டு, வாடியதும் தலையை மட்டும் கிள்ளுங்கள். நீளத்தண்டோடு வெட்டினால் இலையையும் சேர்த்துத்தான் எடுக்கிறீர்கள், இளஞ்செடிக்கு அதுதான் சோறு. இரண்டாம் வருடம் குட்டைத் தண்டாக ஒன்றிரண்டு. ஒரு ரகம் ஜாடிக்குத் தேறுமா என்று தீர்ப்பு சொல்ல மூன்றாம் வருடம்தான் சரியான நேரம். அதற்கு முன் வரும் பூவில் இதழும் குறையும், கழுத்தும் மெலியும். முதல் பூவைப் பார்த்துவிட்டு ‘ரகம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்’ என்று சண்டைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

ஒரே தடவை பூக்கும் குடும்பங்களில் பூ வருவது போன வருடக் கிளையில். பூத்து முடிந்த உடனே கவாத்து செய்யுங்கள். குளிர்காலக் கடைசியில் எல்லா ரோஜாவையும் சேர்த்து மொட்டை அடித்தால் அந்த வருடத்துப் பூ போச்சு. டீ ரோஜாவுக்குக் கடும் கவாத்தே ஆகாது. ஹைப்ரிட் பெர்பெச்சுவலில் ஆள் உயரத்துக்குப் போகும் நீண்ட கிளைகளைத் தரையோடு வளைத்துக் கட்டிவைத்தால் கிளை நெடுக மொட்டுக் கிளைகள் கிளம்பும். தண்டு சற்றுக் குட்டையாகும், பூ எண்ணிக்கை பல மடங்கு கூடும்.

8. எந்தப் பருவத்தில் வெட்டுவது

நல்ல ரகத்தையும் வீணாக்குவது இந்த இடத்தில்தான். பூக்கடை ரோஜாவை இறுக்கமான மொட்டாக வெட்டுவார்கள். அதே பழக்கத்தை நூறு இதழ் உள்ள பழைய ரோஜாவிடம் காட்டினால் மொட்டு மொட்டாகவே கறுத்துப்போகும். அத்தனை இதழையும் தள்ளி விரிக்கும் சக்தி வெட்டிய தண்டில் இருக்காது.

அடையாளம் இது. மொட்டை மூடியிருக்கும் பச்சைப் புல்லிதழ்கள் முழுதாகக் கீழே மடங்கியிருக்க வேண்டும். அதற்கு முன் எந்த ரகத்தையும் தொடாதீர்கள். இதழ் குறைந்த டீ ரகங்களில் முதல் இதழ் விலகத் தொடங்கியதும் வெட்டலாம். ஹைப்ரிட் பெர்பெச்சுவல், போர்போன் போன்று இதழ் நிரம்பியவற்றில் வெளி அடுக்கு விரிந்து, நடு இன்னும் மூடியிருக்கும் நிலை சரி. மொட்டை இரு விரலால் மெல்ல அழுத்தினால் மிருதுவாக இருக்க வேண்டும், கல்லாக இருந்தால் இன்னும் ஒருநாள் பொறுங்கள். நடுவில் மகரந்தம் தெரிந்துவிட்டால் தாமதம். தேனீ வந்துபோன பூ சீக்கிரம் உதிரும்.

விடியற்காலை, செடி நீரால் நிறைந்திருக்கும் நேரம் நல்லது. முதல்நாள் மாலை செடிக்குத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். வாளித் தண்ணீரைக் கையோடு எடுத்துப் போங்கள், பூவை ஒரு கூடையில் சேர்த்துக்கொண்டு வீடு வரும் பழக்கம் பழைய ரோஜாவுக்கு ஒத்துவராது. வெட்டிய நொடியிலிருந்து தண்டு காற்றை உறிஞ்சுகிறது. வெட்டும் இடத்துக்குக் கீழே செடியில் ஐந்து இலைகள் கொண்ட இலைக்கொத்து குறைந்தது இரண்டு மிஞ்சட்டும்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீருக்குள்ளேயே இரண்டு சென்டிமீட்டர் மறுபடி சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில், சுமார் 40 டிகிரி செல்சியஸ், கழுத்துவரை மூழ்கும்படி வையுங்கள். அப்புறம் இருட்டான, குளுமையான இடத்தில் சில மணி நேரம். இந்த ஓய்வு கொடுத்த பூவுக்கும் கொடுக்காத பூவுக்கும் ஒருநாள் வித்தியாசம் சாதாரணமாகத் தெரியும். முள்ளைச் சுரண்டும்போது பட்டை உரியாமல் பாருங்கள். தண்டு நுனியைச் சுத்தியலால் நசுக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

9. தண்ணீர்

ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச் திரவம் கால் தேக்கரண்டி. சர்க்கரை உணவு, புளிப்பு தண்ணீரைத் தண்டில் ஏற வைக்கும், ப்ளீச் பாக்டீரியாவைத் தடுக்கும். முழு அளவுத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கலக்குங்கள். ப்ளீச்சையும் எலுமிச்சைச் சாற்றையும் தண்ணீர் இல்லாமல் நேரடியாகச் சேர்த்தால் நச்சு வாயு வரும். ப்ளீச் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. செப்புக் காசு போடுவதால் ஒன்றும் ஆகாது.

இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, தண்டை மறுபடி சிறிது வெட்டுங்கள். பழக் கூடைக்குப் பக்கத்தில் ஜாடியை வைக்காதீர்கள். பழுக்கும் ஆப்பிளும் வாழையும் விடும் எத்திலீன் போதும், ஒரே இரவில் உதிர்த்துவிடும். குளிர்பெட்டியில் பூவை வைப்பதானாலும் இதே எச்சரிக்கை.

10. உங்கள் சொந்தப் பட்டியல்

யாருடைய பட்டியலும், என்னுடையதும் சேர்த்து, உங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் அப்படியே பொருந்தாது. மூன்றாம் வருடம் ஒவ்வொரு ரகத்திலும் மூன்று தண்டு வெட்டுங்கள்: ஒன்று முதல் இதழ் விலகியபோது, ஒன்று பாதி விரிந்தபோது, ஒன்று முக்கால் விரிந்தபோது. தண்டில் வெவ்வேறு நிற நூல் கட்டி, ஒரே ஜாடியில், ஒரே தண்ணீரில் வையுங்கள். எது எந்த நாள் கழுத்து மடிந்தது, எந்த நாள் உதிர்ந்தது என்று குறியுங்கள். கழுத்து மடிந்திருந்தால் ரகத்தைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரையும் வெட்டையும் சரிபார்த்து இன்னொரு தடவை முயலுங்கள். மூன்றுமே உதிர்ந்திருந்தால் அது ரகம், நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கோடையில் ஒன்று, குளிர் தொடங்கும்போது ஒன்று என்று இரண்டு சுற்று செய்தால் நல்லது. குளுமையில் மெதுவாக விரியும் பூவுக்கு இதழும் தடிக்கும், நாளும் கூடும்.

தேறாத செடியைப் பிடுங்க வேண்டாம். தோட்டத்தின் ஓரத்துக்கு மாற்றிவிட்டு, வெட்டுவதற்கு வசதியான முன்வரிசையைத் தேறியவற்றுக்குக் கொடுங்கள். தேறிய ஒன்றிலிருந்து நான்கு குச்சி நட்டு அதே ரகத்தில் நான்கு செடி வைத்துக்கொள்வது, புதிதாக நான்கு ரகம் தேடி வாங்குவதைவிட ஜாடியை நிரப்பும். ஒற்றைச் செடியில் ஒரே நாளில் வெட்டும் பருவத்தில் நிற்பது இரண்டு மூன்று பூதான்.